பாஞ்சாலிக்குக் கட்டை ஏறுமா?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் காலத்துப் படைத்தலங்கள் என்று சேர்த்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ஊருக்குப் பெருமை. அதையொட்டி நடந்த ஒரு விழாவுக்குக் கூத்து ஜமாவையும் கூப்பிட்டார்கள். முகம் எழுதி, மரத்தில் செதுக்கிய கிரீடமும் அணிகளுமான கட்டையைக் கட்டி எழுந்திருக்கவே மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆட்டத்துக்குக் கொடுத்தது கால் மணி. அதுவும் களரியில் இல்லை. விருந்தினர் நடந்து வரும் வழியில் இரண்டு பக்கமும் நின்று சலங்கையை ஆட்டினால் போதுமாம். கூட்டம் நெருக்கியதும் “கூத்தாடிங்கள்லாம் கொஞ்சம் ஓரமா நில்லுங்கப்பா” என்று மைக்கிலேயே சொன்னார்கள். துரியோதன மகாராஜா ஓரமாக நின்றார்.

இதை எழுதுகிறவன் அன்றைக்கு அந்த வரிசைக்குப் பின்னால் தாளம் போட்டுக்கொண்டிருந்தவன். பெண் வேஷத்தில் ஆரம்பித்து, கட்டை வேஷத்துக்கு மாறி, முழங்கால் தேய்ந்த பிறகு பின்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தவன். கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்று ஊரே சொல்லிச் சிரித்த தொழில் இது. ஏச்சு இவனுக்குப் பழக்கம்தான். வெளியாள் ஓரம் கட்டுவதை நாலு பேரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம். களரிக்குள்ளேயே கூத்துக்காரனைக் கூத்துக்காரன் ஓரம் கட்டுகிறானே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கூத்தில் ஒருவனுக்கு வேஷம் அமைவது பத்துப் பன்னிரண்டு வயதில். குரல் மெல்லிசா, முகம் வழவழப்பா, கட்டு சேலையை. கொஞ்ச நாள் சுபத்திரை, பிறகு பொன்னுருவி, கடைசியில் திரௌபதி. அதற்கப்புறம் மீசை முளைத்தாலும் சரி, கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றாலும் சரி, சேலை இறங்காது. ஊர்க்காரர்கள் அச்சாரம் கொடுக்க வரும்போதே “பாஞ்சாலி போன வருஷத்து ஆளுதானே?” என்று உறுதி பண்ணிக்கொள்வார்கள். ஜமாவுக்கும் அது வசதி. நல்ல பெண் வேஷக்காரன் அமைவது அரிது; அமைந்தவனை எவன் விடுவான்?

துகில் நடக்கும் ராத்திரியில் திரௌபதி வேஷக்காரனுக்குக் கிடைக்கிற மரியாதை வேறு எந்த வேஷத்துக்கும் கிடையாது. துச்சாதனன் சேலையில் கை வைக்கும் முன்னால் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். அடவுக்கு வாசித்துக்கொண்டிருந்த மத்தளம் வேறு நடைக்குப் போகும். கிழவிகள் எழுந்து வந்து காலில் விழுவார்கள். விழுந்தவர்களுக்கு மஞ்சள் கொடுத்து அனுப்ப வேண்டும். விடிந்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு செஞ்சி பஸ்ஸில் ஏறினால், ராத்திரி கும்பிட்ட அதே ஊர் இளவட்டம் பின் சீட்டிலிருந்து “இன்னாடி பாஞ்சாலி, டிக்கெட் எடுத்துட்டியா?” என்று கேட்கும். இரண்டும் ஒரே நாளில். இதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று அந்த வயதில் யார் சொல்லித்தருவார்கள்?

செஞ்சிச் சீமையில் திரௌபதி வேஷம் லேசுப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டைக்கு வடமேற்கே இருக்கும் மேலச்சேரிதான் பழைய செஞ்சி. அங்கிருக்கும் திரௌபதி கோயில்தான் ஆதிக் கோயில் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய பெரிய நூலின் முதல் தொகுதிக்குச் ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்றே துணைத்தலைப்பு வைத்தார். தேசிங்கு ராஜனின் கோட்டையைப் பார்க்க மலையேறுகிறவர்களில் எத்தனை பேர் மேலச்சேரிக்குத் திரும்புகிறார்கள்? தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதி மாண்டான். அவன் கதையையும் ஜமாக்கள் ஆடுகின்றன. ஆனால் இந்த மண்ணின் ராணி அம்மன்தான். அவள் வேஷத்தைக் கட்டுகிறவன் அதிலிருந்து வெளியே வர நினைப்பது ஊருக்கு அபசாரமாகப் படும்.

இதை எழுதுகிறவனின் வாத்தியார் துரியோதன வேஷக்காரர். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் மேல் ஏறி நின்று அவர் விருத்தம் எடுத்தால் தீமிதிக்கு வந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். வெற்றிலை போடாமல் பேச மாட்டார். வெற்றிலை போட்டால் பேச்சு விளங்காது. பாராட்டு என்பது அவர் வாயில் வந்ததே இல்லை. ‘கட்டை வேஷம் கட்டணும் வாத்தியாரே’ என்று போய் நின்றபோது, “உன் இடுப்பு பொம்பள இடுப்புடா. அதுல கட்டை ஏறாது” என்றார். அடுத்த நாள் இவன் மறுபடியும் கேட்டான். “கள்ளக்குரலை இறக்கிட்டு வா, பாக்கலாம்.”

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் கூத்து பார்க்கிறவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை. பெண் வேஷத்தில் உடம்பின் பாரம் இடுப்பில் நிற்கும். எட்டு சின்னது. முழங்கால் சேர்ந்திருக்கும். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தால்தான் அழகு. கட்டை வேஷத்தில் இதெல்லாம் தலைகீழ். முழங்கால் விரிய வேண்டும், பாரம் குதிகாலுக்கு இறங்க வேண்டும், மார்ப்பதக்கத்துக்குப் பின்னால் நெஞ்சு தூக்கி நிற்க வேண்டும். கழுத்து ஒரு விரல்கடை சாய்ந்தாலும் கிரீடம் நழுவும். கல்யாண முருங்கை லேசான மரம்தான். ஆனால் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் சேர்த்து இறுகக் கட்டி, இடுப்பைச் சுற்றிப் புடவைகளை அடுக்கிப் பாவாடையையும் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடிப் பார்த்தால் லேசு கனமாவது தெரியும். அதோடுதான் கிறிக்கி போட வேண்டும். தருப் பாட்டு முடிந்து மத்தளத்தில் தீர்மானம் விழுந்ததும் களரியைச் சுற்றிச் சுழல வேண்டும், பாவாடை குடையாக எழும்ப வேண்டும், நின்ற இடத்தில் தலை சுற்றாமல் அடுத்த அடியைப் பிடிக்க வேண்டும். சேலை கட்டினவனுக்கு இந்த வேலை இல்லை.

வாத்தியார் கட்டையைத் தொடவே விடவில்லை. கோணிச் சாக்கைத் தண்ணீரில் நனைத்து இரண்டு தோளிலும் போட்டு, சங்கராபரணி ஆற்று மணலில் கிறிக்கி போடச் சொன்னார். மணலில் கால் புதையும், சுழல முடியாது, விழுவான். விழுந்தால் சாக்கு இன்னும் மணலைக் குடித்துக்கொண்டு கனக்கும். கரையில் உட்கார்ந்து வாத்தியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். “எழுந்திரு பாஞ்சாலி” என்பார். கேலியாகவா, கரிசனமாகவா என்று கடைசிவரை புரிந்ததில்லை. குரலுக்கு வேறு வைத்தியம்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் இவனை நிற்க வைத்து, இந்தப் பக்கம் தான் நின்றுகொண்டு, விருத்தத்தின் சொல் விளங்குகிறதா என்று பார்ப்பார். பெண் வேஷத்துக்கு எடுக்கும் கள்ளக்குரல் ஆற்றைத் தாண்டாது. அடிவயிற்றிலிருந்து எடுத்தால்தான் தாண்டும். விளங்கவில்லை என்றால் கையை ஆட்டுவார், அவ்வளவுதான். ஒரு கோடை முழுக்கக் கையைத்தான் ஆட்டினார்.

மைக் தொங்கும் களரியில் பழகிய இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மைக் வந்த பிறகு குரல் மட்டும் போகவில்லை, ஆட்டமும் போயிற்று. எட்டு அடி தள்ளி ஆடிக்கொண்டே பாட வேண்டிய அடியை மைக்குக்குக் கீழே நின்று பாடிவிட்டு, பாட்டு முடிந்த பிறகு ஆடுகிறார்கள். சில ஜமாக்களில் தெர்மாகோல் கிரீடமும் வந்துவிட்டது. கனமில்லை, கழுத்து வலிக்காது, சரிதான். கழுத்து வலிக்காதவன் துரியோதனனாக எப்படி நிற்பான்?

உடம்பு மாறியதும் வேலை முடிந்துவிடவில்லை. வாத்தியார் முதலில் கொடுத்த கட்டை வேஷம் துச்சாதனன். அதே துகிலில், இத்தனை வருஷம் இழுபட்ட சேலையை இப்போது இழுக்க வேண்டியவன். விஷயம் தெரிந்ததும் வழக்கமாக ஆடுகிற ஊரில் நாட்டாண்மைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். “அம்மனா நின்னவன் அம்மன் சேலையில கை வெக்கலாமா? ஊருக்கு ஆகாதுங்க.” கிழவிகள் இன்னும் கடுமை. வாத்தியார் ஒரு வார்த்தை வாதாடவில்லை. அந்த ஊருக்குப் பழையபடி இவனையே பாஞ்சாலியாக அனுப்பினார். திண்டிவனத்துக்கு அந்தண்டை, இவன் முகமே தெரியாத ஊர்களில் துச்சாதனன் கட்டச் சொன்னார். இரண்டு ஊருக்கு இரண்டு ஆள். அங்கே யாருக்கும் இவன் சேலை கட்டினவன் என்று தெரியாது. திரை விலகிச் சிவந்த முகத்தோடு இவன் வந்து நின்றபோது குழந்தைகள் அழுதன. செஞ்சிப் பக்கம் வந்தால் அதே உடம்பு, அதே குரல், “பாஞ்சாலிக்கு வேஷம் ஒட்டலியே” என்றார்கள். ஒட்டாதது எது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இவனுக்குள்ளும் அதே பயம் ஊறிக்கிடந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. செஞ்சிக் களரியில் கட்டையோடு திரைக்குப் பின்னால் நின்றால் மட்டும் முழங்கால் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

அதற்கு வாத்தியார் சொன்ன ஒரே யோசனை தொழில் யோசனைதான். சேலையை எப்போது, எந்தப் பக்கம் இழுத்தால் திரௌபதி வேஷக்காரனின் காலடி குலையும் என்று இழுபட்டவனுக்குத்தான் தெரியும். அதை வைத்து ஆடு என்றார். அதுவரை துச்சாதனன்கள் சேலையைப் பலமாக இழுத்துக் கைதட்டு வாங்கினார்கள். இவன் தளர்த்திப் பிடித்து, பாஞ்சாலி கோவிந்தனைக் கூப்பிடும் இடத்தில் மட்டும் ஒரு சுண்டு சுண்டினான். எதிரே சேலை கட்டியிருந்த பையன் ஆட்டம் முடிந்ததும் “அண்ணே, இன்னிக்குத்தான் எனக்கு நெஜமா அழுகை வந்துச்சு” என்றான். சில வருஷத்தில் செஞ்சிப் பக்கத்து ஊர்க்காரர்களே துச்சாதனனுக்கு இவனைக் கேட்டு வந்தார்கள். கர்ணனும் துரியோதனனும் பிறகு வந்தவை.

கர்ண மோட்சத்தில் இவன் முதலில் பொன்னுருவியாக நின்றவன். தேரோட்டி மகன் என்று கர்ணனை வார்த்தையால் வெட்டுகிற பொண்டாட்டி அவள். அந்தத் தர்க்கத்தைப் பத்து வருஷம் அவள் பக்கத்திலிருந்து பேசிவிட்டு, பிறகு கர்ணனாக நின்று கேட்டபோது பதில் தானாக வந்தது. கருமாதிக்கு ஆடும் கூத்து அது. துக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரர்கள் கர்ணனைத் தங்கள் ஆளாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் ஆடுவதற்கும் ஒரே பக்கம் நின்றவன் ஆடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று இவன் நம்புகிறான். கர்வம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

பட்டணத்தின் பார்வை மாறிய கதை ஊருக்குத் தெரியும். 1970களில் எழுத்தாளர் ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்; 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கினார். அவர் கட்டுரைகள் ‘அன்று பூட்டிய வண்டி’ என்று புத்தகமாயின. 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கூத்து, நாடகம் ஆகாது என்றிருந்த படித்தவர்கள் அதன் பிறகு கூத்தைத் தமிழ் நாடகத்தின் வேர் என்றார்கள். நல்லதுதான். ஆனால் மேலச்சேரிக் கிழவி கும்பிட்டபோது வராத மதிப்பு சென்னைக்காரர் கும்பிட்ட பிறகுதான் வந்தது என்பது இவனுக்கு இன்றும் உறுத்தல்.

இதைவிடப் பெரிய காரியம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்தது. பெருங்கட்டூர் பி. ராஜகோபால் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். அவரும் ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002இல் குருகுலம் வைத்துப் படிப்பும் கூத்தும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே பெண் பிள்ளைகள் கட்டை கட்டிக் களரி ஏறினார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. ஆண் சேலை கட்டலாம், பெண் கிரீடம் வைக்கக்கூடாது என்று இருந்த இடத்தில் அந்தப் பிள்ளைகள் கிறிக்கி போட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது கூத்துக்காரனுக்குத்தான் முழுசாகத் தெரியும். இவன் பட்டது ஒரு வேஷத்திலிருந்து இன்னொரு வேஷத்துக்கு வந்த பாடு. அவர்களுக்கு வாசலே திறந்திருக்கவில்லை.

இந்த வருஷம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்து இவனிடம் கட்டை வேஷம் பழகுகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். கர்ணன் விருத்தத்தைக் கைபேசியில் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டாள்; சுருதி சுத்தம், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கைபேசியில் அடவு வராது. இருபது நிமிஷ ஆட்டமாகச் சுருக்கிக் கொடுங்கள், மேடை நிகழ்ச்சிக்குத் தோதாக இருக்கும் என்கிறாள். முதலில் ஆற்றுக்குப் போ என்றால் “ஆத்துல எங்க வாத்தியாரே மணல் இருக்கு, எல்லாம் முள்ளு” என்கிறாள். அதுவும் உண்மை. கல்லாங்குத்துத் தரையில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றுகிறாள். புஜக்கட்டை ஆண் தோளுக்குச் செதுக்கியது, அவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. புதிதாகச் செய்யக் கல்யாண முருங்கை தேடிக்கொண்டிருக்கிறோம்.

வருகிற பங்குனிப் பாரதத்துக்கு அச்சாரம் பேச ஓர் ஊரிலிருந்து வந்தார்கள். பதினேழாம் நாள் கர்ண மோட்சத்துக்குக் கர்ணன் யார் என்று கேட்டார்கள். இந்தப் பெண்தான் என்று இவன் சொன்னான்.

“பொண்ணுங்களா? அப்ப பொன்னுருவி போடட்டுமே வாத்தியாரே, இயற்கையா இருக்கும்.”

“பொன்னுருவிக்கு ஆள் இருக்குங்க. வயசு அம்பது. மீசைய எடுத்துட்டு வருவாரு.”

பெரியவர் சிரித்தார். கூட வந்தவர் சிரிக்கவில்லை. வெற்றிலைத் தட்டில் வைத்த பணத்தை மறுபடி மடியில் முடிந்துகொண்டு, ஊரில் கலந்து பேசிவிட்டு அமாவாசைக்குள் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.