குவெரியா, கோடா?

நூறு ஆர்டர்களைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாடிக்கையாளரின் பெயர் வர வேண்டும். புரோகிராமர் ஒரு குவெரியில் நூறு ஆர்டர்களையும் எடுத்துவிடுகிறார். பிறகு லூப் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு நடை. மொத்தம் 101 குவெரி. இந்த வியாதிக்குத் தொழிலில் ‘என் பிளஸ் ஒன்’ என்று பெயர்.

அவருடைய லேப்டாப்பில் இது தெரியவே தெரியாது. டேட்டாபேஸும் அதே இயந்திரத்தில்தானே இருக்கிறது! ஒரே டேட்டா சென்டருக்குள் ஒரு நடைக்கு அரை மில்லிசெகண்ட் என்று வைத்தாலும், போய்வருவதற்கே 50 மில்லிசெகண்ட் ஆகிவிடும். டேட்டாபேஸ் வேறு ஊரில் இருந்து, நடைக்கு 20 மில்லிசெகண்ட் பிடித்தால் இரண்டு விநாடி. இரண்டு டேபிள்களையும் ஜாயின் செய்து கேட்டால் ஒரே நடையில் வேலை முடிந்தது.

அதற்காக எல்லாவற்றையும் டேட்டாபேஸ் தலையில் கட்டிவிடவும் முடியாது. ஓர் எழுத்தாளருக்கு 50 நூல்கள், 40 விருதுகள் என்று கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்தால், ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விருதோடும் ஜோடி சேர்ந்து 2,000 வரிசைகள் வந்து கொட்டும். நூல்களுக்கு ஒன்று, விருதுகளுக்கு ஒன்று என இரண்டு குவெரி போட்டால் 90 வரிசைகள்தான். கோர்க்கும் வேலையைக் கோடு பார்த்துக்கொள்ளும்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தது. டேக் வைத்துக் கேள்விகளைத் தேடும் வேலையை முதலில் அதன் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரே செய்தது. அது பாரமானதும், கேள்விகளின் விவரங்களை மெமரியில் வைத்துத் தேடும் ‘டேக் எஞ்சின்’ என்ற தனி புரோகிராமை எழுதினார்கள். டேட்டாபேஸோடு பேச அதே குழு 2011-இல் வெளியிட்ட ‘டாப்பர்’ லைப்ரரியோ, குவெரியைப் புரோகிராமரே கைப்பட எழுத வேண்டும் என்று விட்டுவிட்டது.

வடிகட்டுவது, கூட்டுவது, எண்ணுவது என்று லட்சம் வரிசைகளைப் பத்தாகச் சுருக்கும் வேலை டேட்டாபேஸிலேயே நடப்பது நல்லது. தேதியை அழகுபடுத்துவது, பெயரோடு ஊரை ஒட்டுவது போன்றவை அப்ளிகேஷனுக்கு உரியவை. அப்ளிகேஷன் சர்வர் திணறினால் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்திவிடலாம்; எழுதும் சுமையைத் தாங்கும் டேட்டாபேஸை அவ்வளவு சுலபமாகப் பெருக்க முடியாது.

எதையும் இடம் மாற்றும் முன் அளந்து பாருங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் குவெரிக்கு முன்னால் ‘எக்ஸ்பிளைன் அனலைஸ்’ என்று சேர்த்தால், நேரம் எந்தக் கட்டத்தில் கரைகிறது என்று காட்டும். ஓர் எச்சரிக்கை: அது குவெரியை நிஜமாகவே ஓட்டும். டெலீட் குவெரியோடு சேர்த்தால் வரிசைகள் அழிந்தே போகும்.