வலிக்காத கட்டிதானே என்று இருந்துவிட்டேன்!

எங்கள் கிராமம் பாகூர் பக்கம். 2021-ல் ஒருநாள் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, இடது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. தொட்டால் நழுவியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை.

"பொன்னுக்கு வீங்கிதான்" என்று என் மாமியார் தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டார். பொன்னுக்கு வீங்கி என்றால் பத்து நாளில் வடிந்துவிடுமே! இது வடியவில்லை. சொத்தைப் பல்லாக இருக்கும் என்று ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டதும் வீண்தான்.

அப்புறம் நானே விட்டுவிட்டேன். பெரியவளுக்கு வரன் பார்க்கும் நேரம். 'பெண்ணோட அம்மாவுக்குக் கட்டியாம்' என்று நாலு பேர் பேசினால் என்னாவது? கொண்டையைத் தழையப் போட்டு மறைத்துக்கொண்டேன். ராத்திரியானால் மட்டும், 'புற்றாக இருந்தால்?' என்ற நினைப்பு தூங்க விடாது.

2023 வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்குப் போயிருந்தோம். அங்கே எடுத்த போட்டோவைப் பார்த்து அவளே கேட்டாள்: "ஏம்மா, உன் முகம் ஒரு பக்கம் மட்டும் பெருசா இருக்கு? மாப்பிள்ளை அப்புறம் வரட்டும், முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு." அந்த வாரமே கோரிமேடு ஜிப்மருக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் கட்டியை மட்டும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடு, பல்லைக் காட்டு, கன்னத்தை ஊது என்றார். வாய்க்குள்ளும் பார்த்தார். "சாப்பிடும்போது வீங்கி, அப்புறம் வத்துதாம்மா?" என்று கேட்டார். அப்படியானால் எச்சில் குழாயில் கல் அடைத்திருக்கலாமாம். காதுக்கு முன்னாலும் கீழேயும் ஒரு எச்சில் சுரப்பி இருக்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பு அதன் ஊடேதான் போகிறது. கெட்ட கட்டி அந்த நரம்பைப் பிடித்தால் முகம் கோணிவிடும். அதற்குத்தான் அத்தனை சோதனையும்!

ஸ்கேனுக்குப் பிறகு ஊசி டெஸ்ட் என்றதும் நடுங்கிப்போனேன். "ஊசி குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர்?"

"ரொம்ப மெல்லிசு ஊசிம்மா, அந்தப் பயம் வேண்டாம். என்ன கட்டின்னு தெரியாம கத்தி வைக்கறதுதான் தப்பு."

ரத்தம் எடுப்பது போலத்தான் இருந்தது. ரிசல்ட்டில் 'ப்ளியோமார்பிக் அடினோமா' என்று வந்தது. புற்று இல்லை! இந்தச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டு புற்றில்லாதவைதானாம். ஆனாலும் வருஷக்கணக்கில் விட்டால் சில புற்றாக மாறக்கூடும். கட்டியை மட்டும் தோண்டினால் திரும்பவும் வரும். அதனால் நரம்பைக் காப்பாற்றி, சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்து எடுத்தார்கள்.

இன்று காதோரம் மெல்லிய தழும்பு. கம்மல் திருகும்போது காதுச் சோணை மரத்தாற்போல் இருக்கும். அவ்வளவுதான். மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. சம்பந்தியம்மாவிடம் தழும்பைக் காட்டி நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

சகோதரிகளே! காதடியிலோ தாடையிலோ வந்த கட்டி இரண்டு மூன்று வாரத்தில் வடியாவிட்டால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். மளமளவென்று வளர்ந்தாலோ, அசையாமல் கல் போலிருந்தாலோ, முகம் கோணினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். இரண்டு வருஷம் நான் பயந்த பயத்துக்கு, அந்த ஊசி வலி ஒன்றுமே இல்லை.