உம்மா கேட்ட கேள்வி

சொல்லையே வாழ்வாகக் கொண்டோர்க்கும் சொல் கிட்டாத வேளை வருவதுண்டு. எனக்கு அது ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வாய்த்தது.

தலைவலி தாங்கவில்லை என்று என் லாத்தா கூறியபோது, "தைலம் தடவிப் படுங்கள்" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போனவன் நான். மறுநாள் பஜ்ருத் தொழுகைக்கு எழுந்தவர் சுருண்டு விழுந்தார். மூளைத் தமனியொன்றின் சுவர் நலிந்து, குமிழாய்ப் புடைத்து, வெடித்திருந்தது. மண்டையோட்டைத் திறவாமலே 'காயில்' வைத்து அடைக்கலாம் என்றார் மருத்துவர். மச்சானோ வளைகுடா நாட்டில். ஒப்புதல் படிவம் என் கைக்கு வந்தது, முழுவதும் ஆங்கிலம்.

"என் பிள்ளை தலைக்குள்ளே எதை வாப்பா வைக்கப் போறாங்க?" என்றார் உம்மா. இளமுனைவர் பட்டம் பெற்ற நான் வாயடைத்து நின்றேன்.

மருத்துவரிடம் மீண்டும் சென்று கேட்டேன். அவர் விளக்கியதை ஒரு தாளில் தமிழில் எழுதி உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தொடைத் தமனி வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தவாறே கழுத்து வரை செலுத்துவர். அதனுள் இன்னும் நுண்ணிய குழாய் ஒன்று புடைப்பின் வாயிலை எட்டும். அதன் வழியே செல்லும் பிளாட்டினச் சுருள், புடைப்பினுள் நூற்கண்டுபோல் சுருண்டு நிறையும். சுருளைச் சுற்றிக் குருதி உறைய, புடைப்பினுள் பாயும் ஓட்டம் நின்றுவிடும். தையல் அறிந்த உம்மாவுக்கு நூற்கண்டு போதுமானதாயிருந்தது. துஆச் செய்யக் கையேந்தினார், நான் கையொப்பமிட்டேன்.

பின்னர்த் தேடிப் படித்தபோதுதான் அச்சுருளின் அருமை விளங்கிற்று. இத்தாலிய நரம்பியல் அறுவை மருத்துவர் குயிதோ குக்லியெல்மி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பொறியாளர் துணையுடன் இதனை உருவாக்கினார். 1990-இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 1995-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. சுருள் ஓர் எஃகுக் கம்பியின் நுனியில் இணைந்திருக்கும். இடம் பொருந்தவில்லையெனில் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். பொருந்திய பின்னரே சிறு மின்னோட்டம் செலுத்தி இணைப்பைக் கரைத்து விடுவிப்பர். விடுவிக்கும் முன் திருத்திக்கொள்ள இடம் வைத்ததே இப்பொறியியலின் உயிர்நாடி.

இருமுறைக்கும் ஏற்றவரெனக் கருதப்பட்ட 2,143 நோயாளரிடம் நிகழ்ந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப்பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும், மண்டையோடு திறந்து அறுவை செய்யப்பட்டோருள் 30.6 விழுக்காடு, சுருள் வைக்கப்பட்டோருள் 23.7 விழுக்காடு. எனினும் எல்லாப் புடைப்புக்கும் சுருள் பொருந்தாது. வைத்த பின்னும் தொடர்ந்து கண்காணித்தல் வேண்டும்.

அல்ஹம்துலில்லாஹ், லாத்தா இல்லம் திரும்பினார். சில பெயர்கள் மட்டும் இன்றும் அவர் நாவுக்கு உடனே வருவதில்லை. அவர் சொல் தேடித் தயங்கும்போதெல்லாம், அன்று சொல்லின்றி நின்ற என்னையே காண்கிறேன். தைலம் தடவச் சொன்ன என் அசட்டையும் நினைவில் உறுத்துகிறது.

அறிவியல் தமிழ் என்று மேடைகளில் நெடுநேரம் பேசியிருக்கிறேன். அத்தமிழ் முதலில் சென்று சேரவேண்டிய இடம் ஒப்புதல் படிவம் என்பதை உம்மாவின் கேள்வியே உணர்த்திற்று. ஆதலின் என் மாணவர்களிடம் இப்போது ஒன்று வேண்டுகிறேன்: ஆளுக்கொரு மருத்துவப் படிவத்தைத் தமிழாக்குங்கள், அதை உங்கள் வீட்டு மூதாட்டியரிடம் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரிந்ததா என்பதே உங்கள் தேர்வு.