வேறுபாட்டை மட்டும் அனுப்புதல்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் பாட்டி தமிழில் கேட்கப் பேரன் மலையாளத்தில் விடை சொல்வது அன்றாடக் காட்சி. மொழி மாறியதாக இருவருமே உணர்வதில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் வருவதும் கோட்டைத் தாண்டித் தொடர்ந்தன, பேச்சும் தொடர்ந்தது. மொழியியல் மாணவர்கள் அவ்வூர்களைத் தேடி வருவது அதனால்தான்.

அப்படி வந்த ஆய்வு மாணவி ஒருவர் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தங்கியிருந்தார். அந்தப் பதிவுப் பணியில் அவர் மூன்றாமவர். முன்னவர் இருவர் அதே குடும்பங்களின் பேச்சைப் பதிந்து, எழுத்துப்படி செய்து, துறைக் கணினியில் ‘கிட்’ களஞ்சியம் ஒன்றில் சேர்த்து வைத்திருந்தனர். அந்தக் களஞ்சியத்தைத் தம் மடிக்கணினிக்குக் கொண்டுவருவதே மாணவியின் முதல் வேலை. வீட்டு முற்றத்தின் ஒரு மூலையில் மட்டுமே கைப்பேசிக்கு ஓரளவு இணையம் கிடைத்தது. நகலெடுப்பு பாதியில் அறுந்தது. கிட் முறையில், அறுந்த குளோன் விட்ட இடத்திலிருந்து தொடராது, மீண்டும் முதலிலிருந்துதான். மூன்று நாள் முயன்றும் ஒன்றும் இறங்கவில்லை.

தடையாக இருந்தது எழுத்து அன்று, ஒலி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடம் என்ற தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 1 ஜிபி. அதே பேச்சின் எழுத்துப்படி, யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட் வீதம் கணக்கிட்டாலும், சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. முன்னவர்கள் தொடக்கத்தில் இரண்டையும் ஒன்றாகவே இட்டுவிட்டனர். இரைச்சலை வெட்டிச் சேமித்தபோதெல்லாம் ஒலிக்கோப்பு முழுவதும் புதிதாக ஏறியது. 512 மெபிபைட்டைத் தாண்டிய கோப்புகளில் கிட் இயல்பாக வேறுபாடு தேடுவதில்லை. பிழையை உணர்ந்து ஒலியை நீக்கி வன்வட்டுக்கு மாற்றினார்கள், பயனில்லை. நீக்கப்பட்ட கோப்பும் வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். முழு நகல் கேட்பவருக்கு அதுவும் சேர்ந்தே வரும்.

உண்மையில் குறைவாக அனுப்புவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை இக்கருவிகள். 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் உருவாக்கிய ‘ஆர்சிங்க்’ வழியில், பெறுபவர் தம்மிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை அனுப்புவார். அனுப்புபவர் பொருந்தாத பகுதியை மட்டும் தருவார். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட்டும் முதலில் இதைத்தான் விசாரிக்கிறது: உன்னிடம் எந்தக் கமிட் வரை இருக்கிறது? பொதுவான மூதாதை தெரிந்ததும் அதற்குப் பிந்தியவற்றை மட்டும் கட்டி அனுப்புகிறது. இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே: இருபுறமும் பொதுவான பழையது இருக்க வேண்டும். அது இல்லாத முதல் நாளில்தான் சுமை முழுவதும் ஏறுகிறது.

மாணவி கண்ட வழி பலரும் காண்பதே. ‘டெப்த் 1’ என்று கேட்டு, கடைசிக் கமிட்டை மட்டும் கொண்ட ஆழமற்ற நகலை இறக்கினார். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. எழுத்துப்படிகள் எல்லாம் கண்முன் இருந்தன. இரண்டு மாதம் புதிய பதிவுகளைச் சேர்த்துக்கொண்டே போனார். அதற்குள் துறைக் கணினியின் வன்வட்டு பழுதாயிற்று. காப்பு நகல் எவரும் எடுத்திருக்கவில்லை. புதிய கணினியில் வெற்றுக் களஞ்சியம் ஒன்றைத் திறந்து தம்மிடமுள்ளதை ஏற்ற முயன்றார் மாணவி. கிட் மறுத்தது. ஆழமற்ற வரலாற்றை ஏற்பதற்கில்லை என்றது.

இழந்தது என்ன என்பது ஒரு வரியில் புலப்பட்டது. பாட்டி பேரனிடம், “மக்களே, இத்திரி வெள்ளம் எடு” என்கிறார். கடைசிப் படியில் அவ்வளவே இருந்தது. ஆனால் முதல் மாணவர் அவ்விடத்தில் ‘தண்ணி’ என்று எழுதியிருந்தார். தம் ஊர்த் தமிழின் பழக்கத்தில் காது அதைத் திருத்திக்கொண்டது. இரண்டாமவர் மீண்டும் கேட்டு ‘வெள்ளம்’ என்று மாற்றி, அந்தக் கமிட்டின் குறிப்பில் எழுதினார்: பாட்டி, பதிவு செய்பவரிடம் பேசும்போது ‘தண்ணி’ என்கிறார், வீட்டாரிடம் ‘வெள்ளம்’ என்கிறார். எல்லைப்புறப் பேச்சைப் பற்றி அந்தக் களஞ்சியத்தில் இருந்த மிகச் சிறந்த சான்று அது. இறுதிப் படியில் அதற்கு இடமில்லை. திருத்தத்தில்தான் இருந்தது.

மார்த்தாண்டத்தில் பணியிலிருந்த மூத்தவரிடம் கேட்டார் மாணவி: “அண்ணா, பழைய மடிக்கணினியை அழித்துவிட்டீர்களா?” அழிக்கவில்லை. அவர் கடைசியாக ஏற்றிய நிலை வரை முழு வரலாறும் அதில் இருந்தது. அதை ‘பண்டில்’ என்னும் ஒற்றைக் கோப்பாகக் கட்டி வன்வட்டில் இட்டார். வன்வட்டு களியக்காவிளை வழியாகப் பேருந்தில் வந்தது. அதிலிருந்து முழுக் களஞ்சியத்தை விரித்து, இரண்டு மாதப் புதிய கமிட்டுகளை அதன் தலையில் இணைத்தபோது பரிமாறப்பட்ட அளவு சொற்பமே. பொதுவான பழையது இப்போது இருபுறமும் இருந்தது.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. ஒலியை முதல் நாளிலிருந்தே களஞ்சியத்துக்கு வெளியே வைத்து, அதன் சரிபார்ப்பு எண்ணை மட்டும் உள்ளே பதிவது நலம். ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால், ஆழத்தைக் குறைக்க வேண்டாம், அளவை வடிகட்டலாம். ‘பிளாப் லிமிட்’ என்னும் வடிகட்டியில் 1 எம்பி எல்லை வைத்து, வழங்கும் கணினியும் அதை அனுமதித்தால், எழுத்துப்படிகளின் எல்லாத் திருத்தங்களும் வந்து சேரும்; பழைய ஒலிக்கோப்புகள் மட்டும் அங்கேயே தங்கும். முதல் நகலுக்கு இணையம் போதாதெனில் பண்டிலைக் கையில் கொண்டுபோகலாம். அதற்குப் பின் முற்றத்து மூலையின் இணையமே போதும்.

குறைவாக அனுப்புவது நல்லதுதான். எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். ஆழத்தை வெட்டினால் சுமையோடு, யார் எப்போது எப்படிக் கேட்டார்கள் என்பதும் போய்விடுகிறது. பாட்டியின் வீட்டில் ‘வெள்ளம்’ இன்றும் வெள்ளம்தான். அதைத் ‘தண்ணி’ என்று கேட்ட காது ஒன்று இருந்தது என்பதையும் ஆய்வு மறக்கலாகாது.