கிள்ளான் பள்ளத்தாக்கில் ஐந்திணை



குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்திணைப் பெயர்களை என் வகுப்பு மாணவர்கள் தடையின்றி ஒப்புவிப்பார்கள். ஆனால், குறிஞ்சி நிலத்தை எங்கே காணலாம் என்று கேட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் விடை வரும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. கடல் கடந்த மலையைக் காட்டித் திணையைக் கற்பித்தால் அந்த வரிசை தலைகீழாகிவிடும் அல்லவா? எனவே, சிலாங்கூர் மாநிலத்திற்குள்ளேயே ஐந்திணைகளையும் நிழற்படமாக்குவதென்று முடிவு செய்தேன். விடுமுறை நாள்களில், பழைய படக்கருவி ஒன்றுடனும் முக்காலி ஒன்றுடனும் அந்தப் பயணங்கள் தொடங்கின.

எந்த நேரத்தில் எடுப்பது? இதற்கும் நம் இலக்கணமே வழிகாட்டியது. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் ஒரு சிறுபொழுதை வகுத்துள்ளார். நிலக்காட்சிப் படம் எடுப்பவர்கள் ஒளிக்காகக் காத்திருப்பார்கள். நான் அந்தச் சிறுபொழுதுகளுக்காகக் காத்திருந்தேன்.

மருதத்திற்கு உரியது வைகறை. அதிகாலை நான்கு மணிக்கே கிள்ளானிலிருந்து புறப்பட்டுச் செக்கிஞ்சான் வயல்களை அடைந்தேன். ஆண்டுக்கு இருபோகம் விளையும் நிலம் அது. நாற்று நட்டுச் சில நாள்களே ஆகியிருந்தன. கிழக்கு வெளுத்தபோது, வாய்க்கால் நீரிலும் வயல் நீரிலும் ஒரே வானம் தெரிந்தது.

நெய்தலுக்கு உரியது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் நேரம். கோலசிலாங்கூர் மேற்குக் கரையில் இருப்பதால் கதிரவன் மலாக்கா நீரிணையில் இறங்குவதைக் காணலாம். நீர் வற்றிய சேற்றில் கண்டல் வேர்கள் நிழல்களை நீட்டின. இருட்டிய பின்னர் கம்போங் குவாந்தான் சென்று, சிலாங்கூர் ஆற்றில் படகேறினேன். கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல் ஒளிர்ந்து ஒன்றுபோல் அணைந்தன. அங்கே மின்னொளி பாய்ச்சிப் படமெடுக்கக் கூடாது. அவ்வொளி அந்தப் பூச்சிகளைக் குழப்பிவிடும். படக்கருவியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் மட்டும் பார்த்தேன். படமாகாத அந்தக் காட்சிதான் இன்றும் மிகத் தெளிவாக நினைவில் நிற்கிறது.

குறிஞ்சிக்கு உரியது யாமம். மெலாவாத்தி வட்டாரத்தில் நின்று அண்ணாந்தால், கிள்ளான் கேட்ஸ் படிகப் பாறைத்தொடர் தெரியும். 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அத்தொடர், உலகின் மிக நீண்ட படிகப் பாறைத்தொடர்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. உயிரிழப்புகள் நேர்ந்த மலை அது. வனத்துறையின் அனுமதியின்றி ஏறக்கூடாது. நான் கீழேயே முக்காலியை நிறுத்தி, இரவு பதினொன்றரைக்கு மேல் முப்பது விநாடி ஒளி புகவிட்டு எடுத்தேன். தலைநகரின் விளக்கொளி தாழ்ந்த மேகத்தில் பட்டுத் திரும்பி, பாறை முகட்டை வெள்ளிக் கோடாக்கியது.

பாலைக்கு உரியது நண்பகல். படம் எடுப்போர் தவிர்க்கும் நேரமும் அதுவே. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்டு, 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் ஊரின் பக்கம், ஈயம் தோண்டிய நிலங்கள் கிடக்கின்றன. வெண்மணலும் குட்டைகளும் தவிர வேறில்லை. கண்கூசும் வெயிலில் படக்கருவியின் திரைகூடத் தெரியவில்லை.

முல்லைக்கு உரியது மாலை, பெரும்பொழுது கார். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழைக்குக் குறைவேது? மழை விட்டதும் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகக் காட்டில் நுழைந்தேன். அங்குள்ள காப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அண்ணாந்து பார்த்தால், இலைத் தீவுகளுக்கிடையே ஆறு ஓடுவதுபோல் வான இடைவெளி வளைந்து செல்லும்.

ஐந்து படங்களையும் ஊர்ப் பெயர் சொல்லாமல் வகுப்பில் வைத்தேன். "இது தமிழ்நாடா, ஐயா?" என்று பலர் கேட்டனர். பாலைப் படத்தை மட்டும் ஒரு மாணவி நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். "எங்க பாட்டி வீட்டுக்குப் போற வழியில இப்படித்தான் மணலா இருக்கும். முன்ன அங்க பெரிய காடு இருந்துச்சுன்னு பாட்டி சொல்வாங்க" என்றாள்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்தச் சிறுமியின் பாட்டி அதனைக் கண்ணாரக் கண்டவர். ஆனால், கெப்போங் காட்டுக்கு இதற்கு மாறான கதை உண்டு. அதுவும் ஈயச் சுரங்கங்களால் சிதைந்து, காய்கறித் தோட்டங்களாய்க் கிடந்த நிலமே. 1929ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே மரங்களை நட்டு வளர்த்தனர். அந்தக் காடு 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இதைச் சொல்லி இரு படங்களையும் அருகருகே வைத்தபோது, "அப்படின்னா பாட்டி ஊரு மணலும் காடாகுமா, ஐயா?" என்று அவள் கேட்டாள். "நடுவதற்கு ஆளிருந்தால் ஆகும், ஆனால் நூறாண்டு பொறுக்க வேண்டும்" என்றேன். அந்தக் கணக்கை அவள் ஏட்டில் எழுதிக்கொண்டாள்.

பெற்றோர்களே, நம் முன்னோர் காடழித்துத் தோட்டம் போட்ட உழைப்பாளிகள். அவர்களுக்குக் காடு என்றால் அட்டையும் புலியும் காய்ச்சலும்தான். நம் பிள்ளைகளுக்கோ, அது நெடுஞ்சாலையில் மகிழுந்துக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் பச்சை நிறம். வரும் பள்ளி விடுமுறையில் ஓரிடத்திற்கேனும் அழைத்துச் செல்லுங்கள். விலையுயர்ந்த படக்கருவி தேவையில்லை, கைப்பேசியே போதும். படம் எடுக்கும் முன் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, அது எந்தத் திணை என்று கேளுங்கள். விடையோடு வரும் பிள்ளைகளுக்காக என் வகுப்புச் சுவரில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.