பத்து டி.பி., பதினாலரை டிகிரி

மின்சாரக் காரில் என்ஜின் சத்தம் போய்விட்டது. அதுவரை அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த கியரின் கீச்சு இப்போது வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் காதில் நேராக விழுகிறது. மோட்டார் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும்போது பல்லின் முகத்தில் ஒன்றிரண்டு மைக்ரான் மேடுபள்ளம் இருந்தாலும் அது பாட ஆரம்பித்துவிடும். உலகம் முழுக்க கியர் ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது இதற்குப் பின்னால்தான் ஓடுகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தும் நண்பரிடம் அதைச் சொன்னபோது, "நம்ம ஊர்ல கியர் வெட்டுறதைப் பார்த்திருக்கீங்களா? கதிர்காமத்துக்கு வாங்க" என்றார்.

வழுதாவூர் சாலையில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி இருப்பதால் கதிர்காமம் என்றாலே இன்று புதுச்சேரிக்காரர்களுக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். மருந்துக்கடையும் ஜெராக்ஸ் கடையும் முடிந்து உள்ளே திரும்பினால் லேத் சத்தம் கேட்கும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால், அதன் சில்லறை வேலைகளை நம்பி இந்தத் தெருக்களில் பட்டறைகள் பிழைக்கின்றன. அதில் ஒன்றுக்குப் போனோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் இரும்புச் சுருள் மூட்டை, உள்ளே ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு பழைய ஹாபிங் மெஷின். பட்டறைக்காரரை மேஸ்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நண்பர் மட்டும் அண்ணே என்கிறார்.

ஹாபிங் மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஜெர்மனியில் கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று பெயர் மாற்றப்பட்டிருந்த கெம்னிட்ஸ் நகரில் செய்தது அது. கியர் வெட்டும் தொழிலுக்கே அந்த ஊர் ஒரு கோயில் மாதிரி. ஹெர்மன் பஃபாட்டர் 1897-ல் நேர்ப்பல், சாய்வுப்பல் இரண்டையும் ஒரே மெஷினில் வெட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது அங்கேதான். ஹாப் என்பது திருகு மரையைக் குறுக்கே கீறிப் பற்களாக்கிய ஒரு வெட்டுளி. அது ஒரு சுற்று சுற்றும்போது வெட்டப்படும் இரும்பு வட்டு சரியாக ஒரு பல் அளவு நகர வேண்டும். நாற்பது பல் வேண்டுமென்றால் ஹாப் நாற்பது சுற்று, வட்டு ஒரு சுற்று. இந்த விகிதத்தைக் காப்பாற்றுவதுதான் மெஷினின் மொத்த வேலையும்.

அதற்காகப் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் மாற்றி மாற்றி மாட்டும் சேஞ்ச் கியர்கள் இருக்கின்றன. மேஸ்திரியின் மெஷினுக்கு மாறிலி 24. நாற்பது பல் என்றால் 24-க்கு 40. அதை 36-க்கு 60 என்றாக்கி அந்த இரண்டு சக்கரத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுகிறார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பின்னத்தைச் சுருக்குவதில் என்னை விட வேகம். நூற்றுக்கு மேல் பகா எண் வந்தால்தான் தலைவலியாம். 127 பல் கேட்டால் அதைச் சுருக்க வழியில்லை, பெட்டியில் அந்தச் சக்கரமும் இருக்காது. ஏறத்தாழ ஒரு விகிதத்தை மாட்டி, மிச்சத்தை டிஃபரன்ஷியலில் ஈடுகட்ட வேண்டும். அந்தக் கணக்கு எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டில் இருக்கிறது. நோட்டை நான் புரட்டினேன். படம் எடுக்க மட்டும் விடவில்லை.

இன்றைய சி.என்.சி. ஹாபிங் மெஷினில் சேஞ்ச் கியர் கிடையாது. ஹாபுக்கு ஒரு மோட்டார், வட்டுக்கு ஒரு மோட்டார், இரண்டையும் கட்டிப்போடுவது மென்பொருள். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கியர் வெட்டும் தொழிலில் வந்த பெரிய மாற்றங்களில் பல இந்த ஒரு இடத்திலிருந்து கிளம்பியவை. பவர் ஸ்கைவிங் என்று ஒரு முறை இருக்கிறது. வெட்டுளியும் வட்டும் ஒன்றுக்கொன்று சாய்ந்து நின்று, இரண்டும் அசுர வேகத்தில் சுற்றிக்கொண்டே பல்லைச் சீவும். உள்பக்கம் பல் வைத்த வளையங்களை ஷேப்பரில் மேலும் கீழுமாக இடித்து வெட்டிக்கொண்டிருந்த காலத்தோடு பார்த்தால் நேரம் மிக மிகக் குறைவு. மின்சாரக் கார்களின் சில கியர்பெட்டிகளுக்கு அந்த வளையங்கள் வேண்டியிருக்கின்றன. யோசனை புதிதில்லை. ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஃபான் பிட்லர் 1910-லேயே காப்புரிமைக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு சுழல்தண்டுகளையும் அந்த வேகத்தில் துளி பிசகாமல் இணைத்து ஓட்டும் மெஷின் வர நூறு வருஷம் ஆனது.

நண்பர் இதை உற்சாகமாக விளக்கிக்கொண்டிருக்க, மேஸ்திரி கேட்டுவிட்டு, "ஒரே மாதிரி லட்சம் பீஸ் அடிக்கிறவனுக்கு அது சரி சார். நம்மகிட்ட வர்றது ஒத்த பீஸ்தான்" என்றார்.

ஒத்த பீஸ் என்றால் என்னவென்று சற்று நேரத்தில் தெரிந்தது. திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம் அடிக்கும் சின்ன அச்சகம் வைத்திருப்பவர். பையில் இரண்டு கியர்கள். ஒன்று அவருடைய பழைய இங்கிலாந்து அச்சு மெஷினில் இருந்த அசல், இரண்டு பல் போயிருந்தது. இன்னொன்று அதைப் பார்த்து வேறெங்கோ வெட்டி வாங்கியது. புதிதுதான், ஆனால் மாட்டிய சில நாளிலேயே கத்த ஆரம்பித்து இப்போது அதிலும் ஒரு பல் போய்விட்டது. வரைபடம் கிடையாது. மெஷினைச் செய்த கம்பெனியும் இப்போது இல்லையாம்.

இரண்டிலும் நாற்பது பல். விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே. என் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். மேஸ்திரி பெட்டியிலிருந்து ஃபிளாஞ்ச் மைக்ரோமீட்டரை எடுத்தார். வாயில் இரண்டு தட்டு வைத்த மைக்ரோமீட்டர் அது. அசலில் அதிகம் தேயாத பக்கமாகத் தேடி நான்கு பல்லைச் சேர்த்துப் பிடித்து அளந்தார். பிறகு அதே இடத்தில் ஐந்து பல்லைப் பிடித்தார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சிமென்ட் தரையில் சாக்பீஸால் எழுதினார்: 7.73. வெட்டி வாங்கிய கியரிலும் அதேபோல் இரண்டு அளவு, ஒரு கழித்தல்: 7.38.

"இது ரெண்டரை மாட்யூல், இருவது டிகிரி. அசல் பத்து டி.பி., பதினாலரை டிகிரி. எப்படிங்க சேரும்?"

விஷயம் இதுதான். மெட்ரிக் நாடுகளில் பல்லின் அளவை மாட்யூலில் சொல்வார்கள். இங்கிலாந்தில் ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்று டி.பி. கணக்கு. 25.4-ஐ டி.பி.யால் வகுத்தால் மாட்யூல். ஆகவே பத்து டி.பி. என்பது 2.54 மாட்யூல். கடையில் கிடைக்கும் ஹாப் 2.5. நாற்பது பல்லுக்குப் பிட்ச் வட்டத்தின் விட்டம் ஒன்றில் 100 மில்லிமீட்டர், இன்னொன்றில் 101.6. முன்பு வெட்டியவர் வெளி விட்டத்தை மட்டும் அசலைப் பார்த்துக் கடைந்துவிட்டு, கையில் இருந்த ஹாபை வைத்து ஓட்டிவிட்டார். அதோடு பழைய இங்கிலாந்து, அமெரிக்க மெஷின்களில் பல் முகத்தின் சாய்வு பெரும்பாலும் பதினாலரை டிகிரி. இன்று பெரும்பாலும் இருபது. பல்லுக்குப் பல் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கத்தாமல் என்ன செய்யும்?

நான்கையும் ஐந்தையும் அளந்து கழிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தேய்ந்த கியரில் எந்தப் பல்லின் தடிமனும் பழைய தடிமன் இல்லை. ஆனால் தேய்மானம் ஒரே சீராக இருக்கும்வரை இரண்டு அளவிலும் அது ஒரே அளவுக்குக் குறைந்திருக்கும். கழித்தால் தேய்மானம் அடிபட்டுப் போய், பிறந்தபோது இருந்த இடைவெளி மட்டும் மிஞ்சும். ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டில் கியருக்குப் பரிந்துரைத்த இன்வல்யூட் வளைவின் குணம் அது. மேஸ்திரிக்கு ஆய்லரைத் தெரியாது. மில்லில் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார்.

மில் என்றால் முதலியார்பேட்டை ரோடியர் மில். 1898-ல் தொடங்கி, ஏ.எஃப்.டி. என்று பின்னால் அழைக்கப்பட்ட ஆங்கிலோ ஃபிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ். புதுச்சேரியில் பஞ்சாலை வரலாறு என்றால் 1936 ஜூலை 30 துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்ட பன்னிரண்டு தொழிலாளர்களும், தொழிற்சங்கத் தலைவர் வ.சுப்பையாவும், அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்த எட்டு மணி நேர வேலைச் சட்டமும்தான் பேசப்படும். பேசவும் வேண்டும். ஆனால் அந்த மில்களின் ஒர்க்‌ஷாப்புகள் இந்த ஊருக்கு ஃபிட்டர்களையும் டர்னர்களையும் வார்த்துக் கொடுத்த பட்டறைகளாகவும் இருந்தன. அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. தறி ஓர் ஊரிலிருந்து, ரிங் ஃப்ரேம் வேறோர் ஊரிலிருந்து. அங்குலக் கணக்கும் மெட்ரிக் கணக்கும் ஒரே கூரைக்குக் கீழே. "அங்க மொதல் பாடமே இதுதான் சார். பல்லை எண்றதுக்கு முன்னால இது எந்த ஊரு பல்லுன்னு கேக்கணும்."

பையனாகச் சேர்ந்தபோது இரண்டு வருஷம் மெஷினைத் தொட விடவில்லையாம். உடைந்த கியர்களைக் கழுவிக் காயவைத்து, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பல் அடியில் முறிந்ததா முனையில் சிதைந்ததா என்று பார்த்துச் சொல்வதே வேலை. அடியில் முறிந்திருந்தால் சுமை அதிகம். முகத்தில் அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருந்தால் அழுத்தமும் எண்ணெயும் சரியில்லை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கியரைத் திட்டக் கூடாது, ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு மில் மீளவேயில்லை. 2020 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். இவர் அதற்கு முன்பே வெளியே வந்து கதிர்காமத்தில் இந்தப் பட்டறையைப் போட்டுவிட்டார்.

வெட்டிய பிறகு சூடேற்றிக் கெட்டிப்படுத்துவது, அதில் பல் கோணுவது, பிறகு கிரைண்டிங் என்று நிறைய சொன்னார். இ.என்.24, இ.என்.353 என்று எஃகு வகைகளாக அடுக்கியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை, மீதி அலுப்பாக இருந்தது. அது வெளியே போய் வரும் வேலை என்பதால் பார்க்கவும் இல்லை.

நான் பார்த்தவரை ஆராய்ச்சிக்கும் இந்தப் பட்டறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி துல்லியம் அல்ல. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஞானமூர்த்தியும் செந்தில்வேலனும் நைலான் கியர் எப்படிச் சூடாகி எப்படிப் பழுதாகிறது என்று சோதித்து, கண்ணாடி இழையும் கரி இழையும் கலந்தால் என்ன ஆகிறது என்று 2000-களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பெங்களூருவில் உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமான சி.எம்.டி.ஐ. 1962-லிருந்து இயங்குகிறது, கியர் அளவியலுக்கு அங்கே தனி வசதி உண்டு. கோவையில் சாந்தி கியர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. இவை எல்லாம் வரைபடத்தில் தொடங்கும் வேலைகள். வரைபடமே இல்லாத, தேய்ந்த, உடைந்த ஒற்றைக் கியரிலிருந்து வரைபடத்துக்குப் போவது தலைகீழ் பயணம். முப்பரிமாண ஸ்கேனர் இருக்கிறதே என்றால், அது தேய்ந்த பல்லைத் தேய்ந்தபடியே படியெடுக்கும். எந்த ஊர்ப் பல் என்று அப்போதும் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். நாட்டில் ஓடும் கரும்புச்சாறு மெஷின், விசைப்படகு வின்ச், கலவை மெஷின், அச்சு மெஷின் எல்லாம் இப்படிப்பட்டவர்களின் தயவில் ஓடுகின்றன. நண்பருடைய பாடத்திட்டத்தில் இன்வல்யூட் சமன்பாட்டுக்கு இடம் இருக்கிறது, உடைந்த கியருக்கு இல்லை. மாணவர்களை இங்கே அனுப்பலாமே என்றேன். "அனுப்புங்க, ஆனா மெஷின் நிக்கிற நேரத்துக்கு யாரு கூலி குடுப்பா?" என்றார் மேஸ்திரி. நியாயமான கேள்வி. நண்பர் டீ சொல்லப் போய்விட்டார்.

கூலி என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். தெருவில் வரும் ஒத்த பீஸை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது. மாதாமாதம் வருவது தொழிற்சாலைகளின் ஸ்பேர் வேலை. அது நேராக வராது. ஆர்டர் எடுப்பவர் ஒருவர் நடுவில் இருப்பார். அவரிடம் மெஷின் இல்லை, ஆள் இல்லை, மைக்ரோமீட்டர்கூட இல்லை. பர்ச்சேஸ் ஆபீசில் ஆளைத் தெரியும், அவ்வளவுதான். மேஸ்திரி வெட்டிய கியரில் தன் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புகிறார். பில் தொகையில் பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடுகிறது, மிச்சமும் மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துத்தான் வருகிறது என்கிறார் மேஸ்திரி. குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்து 2024 ஏப்ரலிலிருந்து அமலுக்கும் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் புகார் கொடுக்க வேண்டியவர் அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பவர். வாயைத் திறந்தால் வேலை பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத மைக்ரானை அளக்க உலகமே மெஷின் கண்டுபிடிக்கிறது. இந்த ஆள் நடுவில் தின்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது, அளக்கத்தான் யாருக்கும் மனசில்லை. தரகர் இல்லாவிட்டால் வேலையே வராது என்று நண்பர் வாதாடினார். வரும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பவரை வாசல் என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

அச்சகக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பதினாலரை டிகிரி ஹாப் இன்று கடையில் சுலபத்தில் கிடைக்காது. மேஸ்திரி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பழைய இரும்பு ஏலத்தில் எடைக்கு வாங்கியதாம். பத்து டி.பி. இருந்தது. முனைகளை விரலால் தடவிப் பார்த்து, சாணை பிடித்தால் போதும் என்றார்.

"எவ்ளோ ஆகும் மேஸ்திரி?"

"இது ஒண்ணு மட்டும் போட்டா பிரயோஜனம் இல்லீங்க. இதோட ஜோடி மெஷின்லயே இருக்குதில்ல, அதுவும் தேஞ்சிருக்கும். பழசு புதுசைத் தின்னுடும். ரெண்டையும் போட்டுருங்க."

"முன்னாடி வெட்டுனதுக்கே தண்டம் அழுதாச்சு. முகூர்த்த சீசன் வேற. இப்ப ஒண்ணு போடுங்க, தை முடிஞ்சதும் இன்னொண்ணு."

மேஸ்திரி கொஞ்ச நேரம் அசல் கியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜோடிச் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினால், தேய்மானத்தைப் பார்த்துவிட்டு அதற்குத் தகுந்த மாதிரி இதை வெட்டித் தருவதாகச் சொன்னார். முன்பணம் பாதி. மெஷின் இன்னும் இரண்டு நாள் நிற்குமே என்று அச்சகக்காரர் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை கழற்றிக் கொண்டுவாருங்கள், பட்டறையைத் திறந்து வைக்கிறேன் என்றார் மேஸ்திரி.