மூணடிச் சந்து

முதுகில் மாட்டிக்கொள்கிற பையை 'ரக்சாக்' என்கிறோமே, அது ஜெர்மன் வார்த்தை. முன்பாதிக்கு முதுகு என்று அர்த்தம். பின்பாதியான 'சாக்', நம்ம ஊர்ச் சாக்கேதான். ஆக, முதுகுச் சாக்கு. 2018 மே மாதம் அந்தச் சாக்கில் 11 கிலோவை அடைத்துக்கொண்டு, ஜெர்மனியின் துரிங்கியா மலைக்காட்டில் எட்டு நாள் தன்னந்தனியாக நடந்தேன்.

பத்திரிகையாளர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காக லைப்ஸிக் நகரத்துக்குப் போயிருந்தேன். முடிந்தபிறகும் விசாவில் பத்து நாள் மிச்சம். பி.காம். படித்தவனுக்கு மிச்சத்தை வீணடிக்க மனசு வராது. போனில் வீட்டுக்காரி கேட்டாள்: "தனியாவா? மூக்குக் கண்ணாடியை எங்கயாவது வெச்சுட்டு வந்தா அங்க யாரு தேடிக் குடுப்பா?"

நியாயமான கேள்வி. ஆனால், எனக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பாதையின் பெயர் ரென்ஸ்டைக். ஹோர்ஷெல் என்கிற சின்ன ஊரில், வெர்ரா நதிக்கரையில் ஆரம்பித்து, மலை முகட்டிலேயே ஓடி, பிளாங்கன்ஸ்டைனில் ஸாலே நதிக்கரையில் முடிகிறது. மொத்தம் 169 கிலோமீட்டர் சொச்சம். மலை என்றதும் இமயமலை ரேஞ்சுக்குக் கற்பனை செய்யாதீர்கள். மிக உயரமான இடமே ஆயிரம் மீட்டரைத் தொடாது. ஏற்காட்டைவிடக் குட்டை. வழி தவறவும் வாய்ப்பில்லை. மரத்துக்கு மரம் வெள்ளை பெயின்ட்டில் 'ஆர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரே வருகிறவர் 'குட் ருன்ஸ்ட்' என்பார். அந்தப் பாதைக்கே உரிய வணக்கம். நாமும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கிளம்பும்போது வெர்ராவில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நடந்து முடித்து ஸாலேயில் போட வேண்டும். நானும் கொட்டைப்பாக்கு சைஸில் ஒன்றைப் பொறுக்கி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் முழங்கால் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மூன்றாம் நாள்தான் சுற்றிலும் பார்க்கவே தோன்றியது. எங்கே பார்த்தாலும் கல். பாதை ஓரமாகப் பாசி பிடித்து, பாதி மண்ணில் புதைந்து, முகத்தில் ஏதோ சின்னம் செதுக்கிய கற்கள். எல்லைக் கற்கள்! இந்தப் பாதையின் பெயர் 1330-ம் வருஷத்து ஆவணத்திலேயே இருக்கிறது. குட்டிக் குட்டி அரசர்களும் பிரபுக்களும் இந்த முகட்டை வைத்துத்தான் 'இது உன்னுது, இது என்னுது' என்று பிரித்துக்கொண்டார்கள். பல நூறு வருஷமாக நட்ட கற்களில் இன்னும் 1,300 வரை மிச்சம் என்கிறார்கள். மூன்று பிரபுக்களின் நிலம் முட்டிக்கொள்ளும் இடங்களில் நட்ட கல்லுக்கு 'மூன்று துரைகள் கல்' என்று பெயர். அது மட்டுமே பல இடங்களில் இருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா தவறி ஒரு வருஷத்தில், 2010-ல், எனக்கும் அண்ணனுக்கும் எங்கள் ஊர் வீட்டுக் கொல்லையில் இதே சண்டைதான். இரண்டு பங்குக்கும் நடுவே மூணடிச் சந்து. நீளம் நாற்பது அடி. ஆக 120 சதுர அடி. 'சர்வே கல்லை நீ நகர்த்திட்டே' என்று நான். 'நீதான் நகர்த்தினே' என்று அவன். சர்வேயர் வந்தார், செயின் பிடித்தார், மறுபடி வந்தார். கோர்ட்டுக்குப் போனோம். எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. என் மகள் காதுகுத்துக்கு அவன் வரவில்லை. அவன் பையன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. லெட்ஜர் போட்டுப் பார்த்தால், நான் வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் அந்தச் சந்தை மூன்று தடவை விலைக்கு வாங்கியிருக்கலாம். கணக்குப் படித்தவன் போட்ட கணக்கின் லட்சணம் இது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் சித்தப்பா போன் செய்தார். "அண்ணனுக்கு நெஞ்சுல அடைப்பாம். ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. ஒரு வார்த்தை பேசுடா." போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். பேசாமலே பிளேன் ஏறிவிட்டேன். தனியாக நடக்க வேண்டியிருந்ததற்கு அதுதான் காரணம்.

ஆறாம் நாள் காட்டுக்குள் ஒரு கம்பம். மூன்று பக்கம் உள்ள கல் தூண். 1906-ல் வைத்தது. இங்கே விழும் மழை, ஒரு பக்கம் போனால் எல்ப நதி, இன்னொரு பக்கம் வேசர், மற்றொரு பக்கம் ரைன். அன்றைக்கு நல்ல மழை. தூணுக்குப் பக்கத்தில் ரெயின்கோட்டோடு உட்கார்ந்து, செல்போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று நதியும் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரே வடகடலில்தான் போய் விழுகின்றன.

கிழக்குக் கோடியில் பாதை கொஞ்ச தூரம் பவேரியாவுக்குள் புகுந்து மறுபடி துரிங்கியாவுக்கு வருகிறது. இன்றைக்கு அது வெறும் மாநில எல்லை. அன்றைக்கு இந்தப் பக்கம் கிழக்கு ஜெர்மனி, அந்தப் பக்கம் மேற்கு ஜெர்மனி. முள்வேலி, கண்காணிப்புக் கோபுரம், கண்ணிவெடி. எல்லையோரக் கிராமங்களில் 'நம்பத் தகாதவர்கள்' என்று முத்திரை குத்தி 1952-லும் 1961-லும் குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். அறுநூறு வருஷத்துப் பாதை இங்கே அறுந்துபோனது. மறுபடி திறந்தது 1990 ஏப்ரல் 28-ல்தான். ராணுவ ரோந்து வண்டிகளுக்காகப் போட்ட, ஓட்டை ஓட்டையான கான்கிரீட் பலகைகள் சில இடங்களில் இன்னும் கிடக்கின்றன. ஓட்டைக்குள்ளிருந்து புல் எட்டிப் பார்க்கிறது.

அன்று இரவு தங்கிய வீட்டில் பாட்டிக்கு 84 வயது. கொழுக்கட்டை மாதிரி உருளைக்கிழங்கு உருண்டை பண்ணி, மேலே குழம்பை ஊற்றிக் கொடுத்தார். பேரன் இங்கிலீஷில் மொழிபெயர்த்தான். பாட்டியின் அக்காவை 1951-ல் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்தார்களாம். நடந்தால் இரண்டு மணி நேரம். மறு வருஷமே எல்லையை அடைத்துவிட்டார்கள். ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது. கடிதம் மட்டும் வரும், அதையும் யாரோ பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். 1989-ல் எல்லை திறந்ததும் பாட்டி காட்டு வழியாகவே நடந்து போயிருக்கிறார்.

"அக்கா முதல்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். பாட்டி சிரித்தார். பேரனும் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: "குண்டாயிட்டியேடீ!"

ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர்கள் நடுவே வேலி போட்டது அரசாங்கம். சுடுவதற்குத் துப்பாக்கியோடு ஆள் நின்றான். எங்கள் சந்தில் யார் நின்றது? நானும் அவனும்தான்.

எட்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு பிளாங்கன்ஸ்டைன். பாக்கெட்டிலிருந்து கல்லை எடுத்து ஆற்றில் போட்டேன். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். நம்ம ஊரில் மணி ஆறரை. அண்ணன் காபி குடித்து முடித்திருப்பான்.

ஐந்தாவது ரிங்கில் எடுத்தான். என் நம்பரை அழிக்கவில்லை போலிருக்கிறது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லே. உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எங்கேர்ந்து பேசறே? என்னமோ தண்ணி சத்தம் கேக்குது."

"ஜெர்மனி. ஆத்தோரமா உட்கார்ந்திருக்கேன்."

"அங்க எதுக்குப் போனே?"

"சும்மா, நடக்கலாம்னு."

"நடக்கறதுக்கா ஜெர்மனி போனே? டாக்டர் என்னையும்தான் நடக்கச் சொல்லியிருக்கான். நான் தெருமுனை வரைக்கும் போயிட்டு வர்றேன்."

எட்டு வருஷத்துக்கு அப்புறம் சிரித்தோம். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. சந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வைக்கும்போது, "மழையில நனையாதே" என்றான்.

வழக்கை வாபஸ் வாங்க இன்னும் ஏழு மாசம் ஆனது. சேர்வது சீக்கிரம், கோர்ட்டிலிருந்து வெளியே வருவதுதான் லேட். சர்வே கல் இன்னும் அதே இடத்தில் சாய்ந்தமேனிக்கு நிற்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால், சாயங்காலம் நானும் அண்ணனும் அந்தச் சந்து வழியாகத்தான் வாய்க்கால் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறோம். மூணடி அகலத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. அவன் முன்னால் போவான், நான் பின்னால்.